ஏரியில் குதித்த டார்சி

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜேன் ஆஸ்டனின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலை வாசித்துவிட்டு, 1995இல் பிபிசி ஒளிபரப்பிய ஆறு எபிசோட் தொடரையும் பார்த்தேன். நாவலின் பல பகுதிகளை நேரமில்லை என்று விட்டிருக்கிறார்கள், புரிகிறது. ஆனால் கதாநாயகன் டார்சி ஏரியில் குதிப்பது, வாள்பயிற்சி செய்வது என்று நாவலிலேயே இல்லாத காட்சிகளுக்கு மட்டும் நேரம் எங்கிருந்து வந்தது? இன்னொன்று: பயிற்சிக்காக ஒரு பழைய நாவலைத் தொடராக எழுதிப் பார்க்க ஆசை. எங்கே தொடங்குவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் கணக்கு. அந்த நாவலில் ஏறத்தாழ 1,20,000 சொற்கள். நிமிடத்துக்கு 150 சொல் வீதம் வாய்விட்டு வாசித்தால் 13 மணி நேரத்தைத் தாண்டும். தொடர் ஓடுவதோ சுமார் ஐந்தரை மணி நேரம். ஆக, யார் எழுதினாலும் பாதிக்கு மேல் போயே தீரும். அதில் பெரிய சாமர்த்தியம் எதுவும் இல்லை. எந்தச் செய்தி யாருக்கு எப்போது தெரியவேண்டும் என்று முடிவுசெய்வதில்தான் தழுவலின் பாடு முழுக்க இருக்கிறது. நீங்கள் கேட்கும் வாள்பயிற்சி போன்ற உபரிக் காட்சிகளும் அங்கிருந்துதான் வந்தவை.

நாவலில் பெரும்பாலும் கதாநாயகி எலிசபெத்துக்குத் தெரிந்ததுதான் நமக்கும் தெரியும். அவள் டார்சியைத் தப்பாக எடைபோடும்போது நாமும் கூடவே ஏமாறுகிறோம். திரைக்கதை எழுதிய ஆண்ட்ரூ டேவிஸ் முதல் காட்சியிலேயே இதை மாற்றிவிட்டார். டார்சியும் அவர் நண்பர் பிங்லியும் குதிரையில் வந்து, பிங்லி வாடகைக்கு எடுக்கப்போகும் நெதர்ஃபீல்ட் மாளிகையைப் பார்க்கிறார்கள். தொடர் அப்படித்தான் தொடங்குகிறது. அதன்பிறகும் அவள் இல்லாத இடங்களில் டார்சியை அடிக்கடி பார்க்கிறோம். வாள்பயிற்சியும் அந்த வகைதான்: அவளை மறக்க முடியாமல் அவர் படும் அவஸ்தை நமக்குத் தெரிகிறது, அவளுக்குத் தெரியாது.

ஏரி விஷயம் வேறு. 43ஆம் அத்தியாயத்தில் டார்சியின் மாளிகையான பெம்பர்லியில் இருவரும் எதிர்பாராமல், இருபது கஜ இடைவெளியில் சந்திக்கிறார்கள். இருவர் முகமும் சிவக்கிறது என்று ஆஸ்டன் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார். கேமராவுக்கு அது போதாது. நல்ல கோட்டு அணிந்த கனவான் ஒருவர் சும்மா கூச்சப்பட்டு நின்றால், நடிகர் வசனத்தை மறந்துவிட்டார் என்று தோன்றும். கூச்சத்துக்குக் கண்ணுக்குத் தெரிகிற காரணம் வேண்டும். ஈரச் சட்டை, கலைந்த தலை, கோட்டு இல்லை. அந்தக் காலத்து மனிதருக்கு ஒரு பெண்ணின் முன் இதைவிடச் சங்கடம் ஏது? (அவர் தண்ணீரிலிருந்து எழுந்து வருவதாகப் பலருக்கு நினைவு. அப்படி ஒரு ஷாட் தொடரில் இல்லை. குதிக்கிறார், நீருக்கடியில் நீந்துகிறார், அடுத்து நடந்து வருகிறார். அவ்வளவுதான்.)

அவளுக்குத் தெரியாததை நமக்குக் காட்டும் முறை நஷ்டத்தில் முடிந்த இடமும் உண்டு. எலிசபெத்தின் தங்கை லிடியா, விக்கம் என்ற ராணுவ அதிகாரியுடன் ஓடிப்போனபின், அவர்களைத் தேடிப்பிடித்து மணம்முடித்துவைக்க டார்சி லண்டனில் செய்ததெல்லாம் நாவலில் மறைவாக நடக்கிறது. 51ஆம் அத்தியாயத்தில் லிடியா வாய்தவறி உளறுகிறாள். அடுத்த அத்தியாயத்தில் எலிசபெத்தின் மாமி திருமதி கார்டினரின் கடிதம் முழுவதையும் சொல்கிறது. தொடரிலோ டார்சி லண்டன் தெருக்களில் தேடி அலைவதை முன்கூட்டியே காட்டிவிடுகிறார்கள். லிடியா உளறும்போது எலிசபெத் மட்டும்தான் திடுக்கிடுகிறாள், நாம் இல்லை. ஏன் செய்தார்கள் என்பது புரிகிறது. வாரம் ஒரு எபிசோட் என்று செப்டம்பர் 24 முதல் அக்டோபர் 29 வரை ஓடிய தொடர் அது. கதாநாயகனை அத்தனை நேரம் கண்ணில் காட்டாமல் விட்டு, கடைசியில் நீளக் கடிதம் ஒன்றை வாசித்துக் காட்டினால் எடுபடாது. இருந்தாலும் எனக்கு அது இழப்பாகவே படுகிறது.

இனி உங்கள் பயிற்சி. ஒன்லைன் (காட்சிகளின் சுருக்கப் பட்டியல்) எழுதுமுன் ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: அத்தியாயம், அதில் நடப்பது, அது நம்மிடம் எதன்வழி வருகிறது (வசனமா, கடிதமா, கதைசொல்லியின் குரலா), அந்த நேரத்தில் அது யார் யாருக்குத் தெரியும். வசனம் என்று விழுந்தவை சுலபம், சுருக்கினால் போதும். கதைசொல்லி என்று விழுந்தவைதான் உயிரை வாங்கும். பணக்காரப் பிரம்மச்சாரிக்கு மனைவி தேவை என்பது உலகறிந்த உண்மை என்று தொடங்கும் நாவலின் புகழ்பெற்ற முதல் வரியைத் தொடரில் எலிசபெத்தின் வாயில் கொடுத்தார்கள். ஊரையே கேலி செய்த குரல் ஒரு பெண்ணின் குறும்பாகச் சுருங்கிவிட்டது.

கடிதங்களை வாய்ஸ் ஓவரில் ஒரே மூச்சாக வைக்காதீர்கள். 35ஆம் அத்தியாயம் ஏறக்குறைய முழுதும் டார்சியின் கடிதம். அதை அவர் எழுதுவது, அவள் வாசிப்பது என்று பிரித்து, விக்கம் பற்றிய பகுதியை ஃபிளாஷ்பேக்காகக் காட்டினார்கள். ஒரே கடிதம், மூன்று விதமான காட்சிகள்.

எபிசோட் பிரிக்கும்போது அத்தியாயங்களை எண்ணிக்கையால் வகுக்க வேண்டாம். 61 அத்தியாயம், ஆறு எபிசோட், ஆளுக்குப் பத்து என்று போனால் கதை திரும்பும் இடம் ஏதோ ஒரு எபிசோடின் நடுவில் போய் ஒளிந்துகொள்ளும். டார்சி காதலைச் சொல்லி அவள் மறுப்பது 34ஆம் அத்தியாயம்; தொடரில் அது மூன்றாம் எபிசோடின் முடிவு. அந்த ஆணியை முதலில் அடித்துவிட்டு, இருபுறமும் மற்றவற்றைப் பங்கிடுங்கள். முன்பாதியில் 34 அத்தியாயங்களை நெருக்கலாம், விருந்துகளும் வருகைகளும் திரும்பத் திரும்ப வருபவை. பின்பாதியில் கடிதம், பெம்பர்லி, லிடியா என்று மூன்று கனமான நிகழ்வுகள், அவற்றுக்கு இடம் வேண்டும்.

வீட்டின் வெளிப்புறத்தையும் உட்புறத்தையும் எப்போதும் தனித்தனி சீனாக எழுதுங்கள். இந்தத் தொடரில் பெம்பர்லியின் வெளிப்புறத்தை இங்கிலாந்தின் செஷயரிலுள்ள லைம் பார்க்கிலும், உள்ளறைகளை டெர்பிஷயரிலுள்ள சட்பரி ஹாலிலும் படமெடுத்தார்கள். வாசலிலிருந்து கூடத்துக்குள் ஒருவர் பேசிக்கொண்டே நடந்துவரும் ஒரே ஷாட்டை நம்பி எழுதியிருந்தால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

முழு நாவலையும் உடனே தொடாதீர்கள். வசனமே இல்லாத ஓர் அத்தியாயத்தை எடுத்து, வாய்ஸ் ஓவர் இல்லாமல் ஐந்து பக்கத்தில் எழுதி, நாவலை வாசிக்காத ஒருவரிடம் கொடுங்கள். யாருக்கு என்ன தெரியும் என்று மட்டும் அவரிடம் கேளுங்கள். அவர் பதில் உங்கள் நான்காம் கட்டத்தோடு ஒத்துப்போனால் அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம்.