மலைக்கு முகம் காலையில்தான்

கேள்வி: செங்கோட்டை பக்கம் புளியரைக்காரன் நான். வயல், மலை, சாரல் என்று தினம் ஒரு படம் இன்ஸ்டாகிராமில் போடுகிறேன், முப்பது லைக்கைத் தாண்ட மாட்டேன் என்கிறது. புனலூர் நண்பனுக்கு அதே மலைக்கு நூற்றுக்கணக்கில் விழுகிறது. போனை மாற்றட்டுமா?

பதில்: போனை விடுங்கள் தம்பி, முதலில் லென்ஸைத் துடையுங்கள். நீங்கள் அனுப்பிய ஆறு படங்களில் நாலு, மோர் தெளித்த மாதிரி மங்கிக் கிடக்கின்றன, எல்லாம் சட்டைப்பைப் பிசுக்கு.

அப்புறம் நேரம். ஆறில் ஐந்து படம் சாயங்காலம் எடுத்தது. மாலை வெயில் அழகு என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அது உங்கள் நண்பனுக்குச் சரி, ஏனென்றால் புனலூருக்கு மலை கிழக்கே இருக்கிறது, மேற்கே சாயும் வெயில் நேராக மலை மேல் விழும். உங்களுக்கோ மலை மேற்கே. சூரியன் அதன் பின்னால் சீக்கிரமே இறங்கிவிட, மலை கறுப்புச் சுவராக நிற்கிறது. காலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள், பாறை மடிப்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். சாரல் மாதங்களில் மேகம் மூடினால் மலையை மறந்துவிட்டு, கிட்டத்தில் இருப்பதை எடுங்கள்.

கிட்டத்தில் என்றால், பிரானூர் பார்டர் பரோட்டாக் கடை. சுட்ட பரோட்டாவை அடுக்கி மாஸ்டர் இரண்டு கையாலும் தட்டுகிற அந்த நொடி! ஆவி தெரிய வேண்டுமானால் விளக்கு ஆவிக்குப் பின்னால் இருக்கிற பக்கமாகப் போய் நில்லுங்கள். மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

இன்ஸ்டாகிராம் 2010-ல் வந்தபோது சதுரப் படம் மட்டும்தான், 2015-ல்தான் மற்ற அளவுகளுக்கு வழி விட்டார்கள். 1080-க்கு 1350 பிக்சல் என்று நெட்டாகப் போட்டால் போன் திரையில் இடம் கூடுதல். நீங்கள் படுக்கையாகப் போட்ட கழுதுருட்டி பதிமூன்று கண் பாலம் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது, நாலு கண் போதும், நெட்டாக எடுங்கள்.

‘இயற்கை எழில்’ என்று எழுதுவதையும் நிறுத்துங்கள். ஊர்ப் பெயரைத் தமிழிலும் மலையாளத்திலும் போடுங்கள், குற்றாலத்துக்கு வருகிற கொல்லத்துப் பிள்ளைகளும் தேடுவார்கள். ஒருவர் படத்தை இன்னொருவருக்கு அனுப்பி வைப்பதும், படத்தை எத்தனை பேருக்குக் காட்டுவது என்ற கணக்கில் சேரும் என்று இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரியே சொல்லியிருக்கிறார். துபாயில் இருக்கிற செங்கோட்டைக்காரர் தம்பிக்கு எதை அனுப்புவார், மலையையா பரோட்டாவையா? நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: காசு கொடுத்தால் ஆயிரம் லைக் போட்டுத் தருகிறேன் என்கிறார் ஒருவர். வாங்கலாமா? – களியக்காவிளை வாசகி

பதில்: வேண்டாம்மா. செயலி வைத்துக் கூட்டிய போலி லைக்குகளை நீக்கப்போவதாக 2018 நவம்பரிலேயே இன்ஸ்டாகிராம் அறிவித்துவிட்டது. மறைப்பானேன், நானும் ஒரு தடவை வாங்கினேன். போட்டவர்களில் பாதிப் பேருக்கு முகமே இல்லை, ஒரு வாரத்தில் மீதியும் கரைந்தது. பாஸ்வேர்டு கேட்டால் உடனே பிளாக் செய்துவிடுங்கள். ‘உனக்கு இத்தனைதானா?’ என்று சொந்தக்காரர்கள் கேட்பதுதான் பிரச்சினை என்றால், லைக் எண்ணிக்கையை மற்றவர் கண்ணில் படாமல் மறைக்கும் வசதி 2021-லேயே வந்துவிட்டது, செட்டிங்ஸில் தேடுங்கள். உங்களுக்கு மட்டும் தெரியும்.