வேர் நின்றால் மரபணு கெட்டதாகுமா?

கேள்வி: கொசுவத்திச் சாம்பலை ஊறவைத்து வடிகட்டிய நீரில் தேக்கா சந்தைச் சின்ன வெங்காயத்தை வைத்தோம். வேர் வரவே இல்லை. சாம்பல் மரபணுவைக் கெடுக்கிறது என்று எங்கள் தொடக்கக் கல்லூரிப் பணித்திட்டத்தில் எழுதலாமா?
- மாணவர், உட்லண்ட்ஸ்

பதில்: எழுதாதீர்கள். வேர் நிற்பது நச்சின் அடையாளம், பிறழ்வு, அதாவது மரபணு மாறுவது, வேறு. முதலில் நீரின் பிஎச், அதாவது அமில-கார அளவு, பாருங்கள். சாம்பல் நீர் காரமானது, அந்தக் காரமே வேரை நிறுத்தியிருக்கலாம். 7க்குக் கொண்டுவந்து, பாதி, கால், அரைக்கால் என நீர்த்துத் தனித்தனியே வையுங்கள்.

வெங்காயத்தையும் நம்பாதீர்கள். முளைக்காமலிருக்க மருந்தடித்தது எந்த நீரிலும் சண்டித்தனம் செய்யும். காய்ந்த தோலை உரித்து, அடியிலுள்ள பழைய வேரைச் சுரண்டி, முதலில் வெறும் நீரில் வையுங்கள். வேர் 1–2 செமீ வந்தவற்றை மட்டும் சாம்பல் நீருக்கு மாற்றி 24 மணி நேரம் விடுங்கள். குழாய் நீர் வேண்டாம். நம் சிங்கப்பூர்க் குழாய் நீரில் இருப்பது குளோரமின் என்ற கிருமிநாசினி. குளோரின் மாதிரி ஓரிரவு திறந்துவைத்தால் போய்விடாது.

வேர் நுனிகளை 3 பங்கு எத்தனால், 1 பங்கு கிளேசியல் அசிட்டிக் அமிலக் கலவையில் ஓரிரவு போடுங்கள். பிறகு 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், 60 டிகிரியில், 5 முதல் 8 நிமிடம். நேரம் குறைந்தால் செல்கள் கட்டிகட்டியாக நிற்கும். கூடினால் நுனி கூழாகிவிடும். கடைசி 2 மிமீ மட்டும் எடுத்து அசிட்டோகார்மைன் சாயம் ஏற்றி, மூடுகண்ணாடியை நேராக அழுத்துங்கள். அது நழுவினால் செல்கள் சுருண்டு, படம் பாழ். வெங்காயத்தின் 16 குரோமோசோம்களும் பெரியவை, பிசகு நுண்ணோக்கியில் கண்ணுக்குத் தெரியும்: பிரியும் இரு குரோமோசோம் கூட்டத்துக்கு நடுவே நூல்போல் பாலம், தனித்து நிற்கும் துண்டு, நுண்கரு எனும் குட்டிக் கரு. ஒரு வெங்காயத்துக்கு 1000 செல்லாவது எண்ணி, வெறும் நீர் வெங்காயத்தோடு ஒப்பிடுங்கள். அப்போதுதான் பிறழ்வு பற்றிப் பேசலாம்.

கேள்வி: ஒரு பொருள் பிறழ்வு உண்டாக்குமா என்று பாக்டீரியாவில் பார்க்கும் ஏம்ஸ் சோதனையில், முருங்கைக்கீரைச் சாறு சேர்த்த தட்டில் டிஏ100 வகை சால்மனெல்லா பாக்டீரியாவின் காலனிகள் இருமடங்காயின. கீரை ஆபத்தா?
- வாசகி, ஈசூன்

பதில்: கீரையை விட்டுவிடாதீர்கள், தட்டைச் சந்தேகியுங்கள். இந்த சால்மனெல்லாவால் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்க முடியாது. பிறழ்வால் அந்தத் திறன் திரும்பியவைதான் காலனியாகும். ஆனால் கீரைச் சாற்றிலேயே ஹிஸ்டிடின் உண்டு. ஊட்டம் கிடைத்ததும் எல்லா பாக்டீரியாவும் கூடுதலாகச் சில முறை பெருகும். தானாகத் திரும்புபவையும் கூடவே கூடும். காலனிகளுக்கு இடையிலுள்ள மெல்லிய பாக்டீரியாப் படலத்தைக் குறைந்த உருப்பெருக்கத்தில் பாருங்கள். சாறில்லாத தட்டைவிட அடர்த்தி என்றால் சங்கதி இதுதான். பாக்டீரியாவைச் சாற்றோடு திரவத்தில் ஒரு மணி நேரம் வைத்து, மையவிலக்கியில் சுற்றிக் கழுவிய பின் தட்டில் ஊற்றிப் பாருங்கள்.

படலம் மெலிந்து, ஊசிமுனைக் காலனிகள் மொய்த்தால் அவற்றை எண்ண வேண்டாம். சாறு பெரும்பாலானவற்றைக் கொன்றிருக்கும். மிஞ்சியவை, தட்டில் சிறிதளவே உள்ள ஹிஸ்டிடினில் மற்றவற்றின் பங்கையும் தின்று தலைகாட்டுகின்றன.