நமீபியாவுக்கு வேட்டைக்குப் போகச் சென்னையில் ரைஃபிள் வாங்கலாமா?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என் மச்சான் நமீபியாவில், விந்தூக்கில் வேலை பார்க்கிறார். அடுத்த ஜூனில் அங்கே ஒரு வேட்டைப் பண்ணைக்குப் போகலாம் வா என்கிறார். குடு, ஓரிக்ஸ், முடிந்தால் ஒரு ஈலண்ட் என்று ஆப்பிரிக்கப் பெரிய மான் வகைகள்தான் திட்டம். நான் கல்லூரியில் என்.சி.சி.யில் .22 சுட்டதோடு சரி. நண்பர் மூலம் அறிமுகமான புரோக்கர் ஒருவர், .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் ரைஃபிள் ஒன்று பழசாக வந்திருக்கிறது, பெரிய மிருகத்துக்கு அதற்குக் குறைந்து எதுவும் தாங்காது என்கிறார். லைசென்ஸையும் அவரே பார்த்துக்கொள்வாராம். இருபத்தைந்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். இதையே வாங்கலாமா, இல்லை .30-06 தேடட்டுமா?"

இரண்டும் வேண்டாம். எதையும் வாங்காதீர்கள். பண்ணையிலேயே ரைஃபிள் வாடகைக்குத் தருவார்கள். ஸ்கோப் மாட்டி, குறி சரிபார்த்து வைத்திருப்பார்கள். நாள் வாடகையும் சுட்ட தோட்டாவுக்கு விலையும் கொடுத்தால் முடிந்தது. உங்கள் கேள்விக்கு இவ்வளவுதான் பதில். ஆனால் பணம் கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த .375 சமாசாரம். இந்த எண்களெல்லாம் தோட்டா வகையின் பெயர்கள், தோராயமாகக் குண்டின் விட்டம் அங்குலத்தில். 1912-இல் வந்த தோட்டா, இன்றைக்கும் அதன் மரியாதை குறையவில்லை. ஆப்பிரிக்க எருமை, யானை என்று திருப்பித் தாக்கும் மிருகங்களுக்குப் பல நாடுகளில் இதுதான் அடிப்படை அளவு. நமீபியாவில் கணக்கை ஜூலில் வைத்திருக்கிறார்கள். துப்பாக்கி வாயைவிட்டுக் கிளம்பும்போது குண்டுக்கு இவ்வளவு ஆற்றலாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். ஸ்பிரிங்பாக் மாதிரிச் சின்ன மானுக்கு 1,350 ஜூல். குடு, ஓரிக்ஸ், ஈலண்ட் மூன்றுக்கும் 2,700. எருமைக்கும் யானைக்கும் 5,400. இப்போது தோட்டாக்களைப் பாருங்கள். .30-06-இன் 180 கிரெய்ன் (குண்டின் எடைக்கான அளவு) குண்டு சுமார் 3,900 ஜூலோடு கிளம்பும். .308 என்றால் சுமார் 3,700. புரோக்கர் காட்டும் .375 ஐயாயிரத்து எழுநூறு சொச்சம். உங்கள் பட்டியலில் எருமையே இல்லை. பிறகு எதற்கு எருமைத் துப்பாக்கி?

சக்தி கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். அங்கேதான் ஆள் மாட்டிக்கொள்கிறார். சுடும்போது தோளில் விழும் உதை .375-இல் .30-06-ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ரேஞ்சில் புதியவர்களுக்கு நான் ஒரு சோதனை வைப்பேன். அவர்கள் பார்க்காதபோது மேகசினில் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு டம்மி தோட்டாவைச் சொருகிவிடுவேன். முதல் இரண்டு வெடிக்கும். மூன்றாவதுக்கு ட்ரிக்கரை இழுத்ததும் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். துப்பாக்கி அசையவே கூடாது. ஆனால் குழல் நுனி நான்கு விரற்கடை கீழே குனியும், வலது தோள் முன்னால் பாயும், கண் இறுக மூடியிருக்கும். உதை வருவதற்கு முன்பே உடம்பு அதற்குத் தயாராகிவிடுகிறது. அப்படிச் சுட்ட குண்டு நுரையீரலுக்குப் போகாது, குடலுக்குப் போகும். அடிபட்ட மிருகம் புதருக்குள் ஓடி மறைந்தாலும் ரத்தம் சிந்தியிருந்தால் அதற்கு முழுக் கட்டணம் உண்டு, பண்ணைகளில் அதுதான் வழக்கம். காசு போவது இருக்கட்டும், அந்த மிருகம் ராத்திரி முழுக்கப் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள். .22 மட்டும் சுட்டுப் பழகியவர் கையில் .375-ஐக் கொடுப்பவர் உங்களுக்கு நல்லது செய்பவர் இல்லை.

ரைஃபிளைவிடக் குண்டு முக்கியம். இதை யாரும் கேட்பதில்லை. குடுக் கடாக்கள் 250 கிலோவைத் தாண்டும், தோள் எலும்பு கனம். சின்ன மான்களுக்கென்று செய்த மெல்லிய, வேகமாக விரியும் குண்டு அந்த எலும்பில் பட்டுச் சிதறிவிடும். முழுக்க உலோக உறை போட்ட ராணுவ ரகக் குண்டோ விரியாமலே மறுபக்கம் போய்விடும். பண்ணைக்காரரிடம் 'ஈயமும் உறையும் ஒட்டவைத்த பாண்டட் குண்டா, இல்லை முழுச் செம்புக் குண்டா' என்று கேளுங்கள். இரண்டில் எது என்றாலும் சரி. கிரெய்ன் 180 இருந்தால் குடுவுக்கும் ஓரிக்ஸுக்கும் தாராளம். ஈலண்ட் பெரிய உருப்படி, கடா 700 கிலோவுக்கு மேல்கூடப் போகும். அந்த ஒரு நாளைக்கு 200 கிரெய்னுக்கு மாறுங்கள், இல்லை இன்னும் சக்தியுள்ள .300 வின்செஸ்டர் மேக்னம் ரைஃபிள் இருக்கிறதா என்று விசாரியுங்கள். தோட்டா விஷயம் இதோடு போதும். மற்றபடி எந்த எண் உசத்தி என்று விடிய விடிய வாதாடுபவர்களிடம் காது கொடுக்காதீர்கள்.

இனி புரோக்கர். 'லைசென்ஸை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்றால் என்ன அர்த்தம் என்று அவரிடமே கேட்டிருக்க வேண்டும். சென்னைக்குள் இருப்பவருக்கு ஆயுத லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரம் போலீஸ் கமிஷனருக்கு, வேறு யாருக்கும் இல்லை. விண்ணப்பிப்பது நீங்கள், விசாரணைக்கு வருவது உங்கள் ஸ்டேஷன், துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளும் பயிற்சிச் சான்றிதழ் எடுக்க வேண்டியதும் நீங்கள். இதில் அவர் பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது? வேட்டைக்கு என்று காரணம் எழுதவும் முடியாது. 1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மிச்சமிருந்த வேட்டை லைசென்ஸையும் 1991 திருத்தம் மூடிவிட்டது. ஆகவே 'தற்காப்புக்கு' என்று எழுதச் சொல்வார். பெரம்பூரில் குடியிருப்பவர் தற்காப்புக்கு யானைத் துப்பாக்கி கேட்டால் விசாரணைக்கு வரும் இன்ஸ்பெக்டர் சிரிக்க மாட்டாரா?

இதைவிட ஆபத்தான பேச்சு ஒன்று இருக்கிறது. 'சார், பீஸை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள், பேப்பர் பின்னால் வரும்.' இந்த வாக்கியம் வந்த நொடி எழுந்து வந்துவிடுங்கள். லைசென்ஸ் இல்லாமல் ரைஃபிளைக் கையில் வாங்கினால் ஆயுதச் சட்டப்படி நீங்கள்தான் குற்றவாளி, அவர் ஊரிலேயே இருக்க மாட்டார். தனிநபர் தன் துப்பாக்கியை விற்பதாக இருந்தால் மாஜிஸ்திரேட்டுக்கோ ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும். அந்தக் கடிதத்தின் நகல் எங்கே என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு திசைக்குப் போகும்.

பழைய துப்பாக்கியைக் காட்டும் விதமும் ஒரு கலைதான். வெளிநாட்டு ரைஃபிள் இறக்குமதி செய்யச் சாதாரண ஆளுக்கு எண்பதுகளிலிருந்தே வழி கிடையாது. அதனால் இங்கே சுற்றுவதெல்லாம் தாத்தா காலத்துச் சரக்கு, விலையோ லட்சங்களில். ரங்கூன் ஆயிலைக் குழல் முழுக்கத் தடவி, போல்ட்டை (தோட்டா ஏற்றும் தாழை) கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, 'பாருங்க சார், கண்ணாடி' என்பார்கள். எண்ணெய் பூசினால் எந்தக் குழலும் கண்ணாடிதான். ஃப்ளானல் துணியால் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். அந்தக் காலத்துத் தோட்டாக்களின் ப்ரைமர் (தோட்டாவைப் பற்றவைக்கும் மருந்து) விடும் உப்பு உட்சுவரை அரித்துக் கரும்புள்ளிகளாக விட்டிருக்கும், துணியில் செம்பழுப்பாகத் துரு வரும். ஸ்கோப் மாட்ட இடமும் இருக்காது. இவ்வளவுக்குப் பிறகு .375 தோட்டாவுக்கு எங்கே போவீர்கள்? கிடைத்தாலும் பயிற்சிக்குச் செலவழிக்க மனசு வராத விலை.

சரி, எல்லாம் நேர்மையாக நடந்து லைசென்ஸும் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ரைஃபிளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகத் தனி அனுமதி வேண்டும், திரும்பக் கொண்டுவர இன்னொன்று. நடுவில் துபாயிலோ தோகாவிலோ விமானம் மாறினால் அங்கேயும் முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும். தோட்டா ஐந்து கிலோவுக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். இதற்கு நடுவே இங்கே ஒரு தேர்தல் வந்தால் பெரும்பாலும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லிவிடுவார்கள், உங்கள் டிக்கெட் தேதியைப் பற்றி யாருக்கும் கவலை இருக்காது. ஸ்டேஷனுக்கும் வேப்பேரி கமிஷனர் ஆபீஸுக்கும் நடுவே ஃபைல் எங்கே நிற்கிறது என்று கேட்டு அலைந்தவர்களிடம் பேசிப் பாருங்கள், தெரியும்.

சட்டத்தின் விசித்திரம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்கப் பண்ணைகளில் சர்வசாதாரணமாகக் கிடக்கும் .308-ஐ இங்கே சாதாரண ஆள் தொடவே முடியாது. ராணுவத்தின் 7.62 மி.மீ. தோட்டா அதில் நுழையும், அதனால் தடைசெய்யப்பட்ட 'போர்' (bore, குழலின் உள்விட்டம்). அதைவிடக் கொஞ்சம் கூடுதல் சக்தியுள்ள .30-06-க்கு அந்தத் தடை கிடையாது. .303-க்கோ .308-இன் கதிதான், தடை உண்டு. ஈஷாப்பூர் தொழிற்சாலை .315 என்று ஒரு ரைஃபிளைச் செய்து விற்றுக்கொண்டிருப்பதே இந்தத் தடையைச் சுற்றிப் போகத்தான். திருட்டுத் துப்பாக்கிக்காரன் போர் அளவைப் பார்த்தா வாங்குகிறான்? யாரிடம் போய்ச் சொல்வது!

ஒரே ஒருவருக்கு மட்டும் வாடகைத் துப்பாக்கி சரிப்படாமல் போகலாம். அது இடது கைக்காரர். நீங்கள் அதைப் பற்றி எழுதவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வாடகைக்கு வைத்திருப்பவை பெரும்பாலும் வலது பக்கம் போல்ட் உள்ளவை. இடது தோளில் வைத்துச் சுடுபவர் இரண்டாவது தோட்டா ஏற்ற, கையைத் துப்பாக்கிக்கு மேலாகக் கொண்டுபோய் போல்ட்டை இழுக்க வேண்டும், முகம் துப்பாக்கியின் பின்கட்டையிலிருந்து எழும்பும், ஸ்கோப்பில் மிருகம் காணாமல் போகும். அந்த இரண்டாவது தோட்டாதான் பல நேரம் தேவைப்படுகிறது. இதில் கை எது என்பதைவிடக் கண் எது என்பது முக்கியம். எதிரே உள்ள சுவர்க் கடிகாரத்தை இரண்டு கண்ணும் திறந்தபடி கட்டைவிரலால் மறையுங்கள். வலது கண்ணை மூடுங்கள், பிறகு இடது. எந்தக் கண்ணை மூடும்போது விரல் கடிகாரத்தைவிட்டு நகர்கிறதோ அதுதான் உங்கள் ஆளும் கண். வலது கையால் எழுதுகிறவர்களில் சிலருக்கும் இடது கண் ஆளும். அவர்கள் என்.சி.சி.யில் குறி தவறியதற்கே அதுதான் காரணமாக இருந்திருக்கும்.

அப்படி இடது பக்கம் என்று தெரிந்தால் 'இடது கை போல்ட் ரைஃபிள் இருக்கிறதா' என்பதை முதல் கேள்வியாக வைத்துப் பண்ணையைத் தேர்ந்தெடுங்கள். டிக்கா, சாவேஜ் போன்றவர்கள் இடது கை ரைஃபிள்கள் செய்கிறார்கள், அங்கே யாராவது ஒருவர் வைத்திருப்பார். அதற்காகவும் சென்னையில் வாங்காதீர்கள். இங்கே உள்ள பழைய சரக்கில் இடது கை போல்ட்டை நான் பார்த்ததே இல்லை.

ஜூனுக்குள் செய்ய வேண்டியது பயிற்சி. ஏதாவது ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து .22 சுடுங்கள், ஆனால் படுத்துக்கொண்டு வேண்டாம். அங்கே புல் உயரம், படுத்தால் ஒன்றும் தெரியாது. நின்றபடி முக்காலிக் கழியில் துப்பாக்கியை வைத்துத்தான் சுடுவீர்கள், தூரம் நூறிலிருந்து இருநூறு மீட்டர். மூன்று மூங்கில் கழியைச் சைக்கிள் டியூபால் கட்டினால் அந்த முக்காலி தயார். வீட்டில் பழக வேண்டுமானால் லைசென்ஸ் தேவையில்லாத .177 ஏர் ரைஃபிள் போதும், 20 ஜூலுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். பின்னால் மணல் மூட்டை அடுக்கிவிட்டுச் சுடுங்கள்.

மச்சானிடம் சொல்லி, பண்ணையில் பதிவுபெற்ற தொழில்முறை வேட்டை வழிகாட்டி கூட வருகிறாரா என்று உறுதிசெய்யச் சொல்லுங்கள். நமீபியாவில் அவர் இல்லாமல் வெளிநாட்டவர் டிராஃபி வேட்டைக்கு (கொம்பு, தோல் போன்ற நினைவுப் பொருளுக்கான வேட்டை) போக முடியாது. குடுக் கொம்பைக் கொண்டுவந்து ஹாலில் மாட்டும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள், இந்தியச் சுங்கத்தைத் தாண்டுவது சுலபமில்லை. போட்டோவோடு திருப்தி.

அட்வான்ஸ் விஷயம்: லைசென்ஸ் இல்லாததால் வாங்க இயலவில்லை, பணத்தை வங்கிக் கணக்கில் திருப்பிப் போடவும் என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்புங்கள். போனில் பேச வேண்டாம். வேறு ரைஃபிள் காட்டுகிறேன் என்பார், போகாதீர்கள். ஒரு வாரம் கழித்தும் வரவில்லை என்றால் ரைஃபிளின் எண்ணையும் இப்போதைய உரிமையாளர் பெயரையும் கேட்டு இன்னொரு செய்தி போடுங்கள். அந்த இரண்டையும் எழுத்தில் கொடுப்பதைவிடப் பணத்தைத் திருப்புவது அவருக்குச் சுலபம்.