சின்ன இடத்தில், தானாகவே போய் வரும் நேரோ கேஜ் (குறுகிய தண்டவாள) ரயில் மாடல் செய்ய முடியுமா?

முடியும். நாலடி நீளம், ஓரடி அகலத்தில் ஒரு பலகை போதும். என் வீட்டில் ஷூ ரேக் மேலேயே ஒன்று ஓடுகிறது.

எனக்கு ஊட்டி ரயில் மேல்தான் ஆசை. ஆனால் அது மீட்டர் கேஜ். தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி 1000 மி.மீ. நான் செய்வது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு அளவு. 1000 மி.மீ.யை 87-ஆல் வகுத்தால் 11.5, அதற்கு 12 மி.மீ. தண்டவாளம் தேட வேண்டும், நடுவில் பல் தண்டவாளம் வேறு. கல்கா - சிம்லா பாதை 762 மி.மீ. அதே கணக்கில் 8.76. 'N கேஜ்' என்ற இன்னும் சின்ன மாடல் ரயிலுக்கு விற்கிற 9 மி.மீ. தண்டவாளமே பொருந்திவிட்டது. அதன் ஸ்லீப்பர் (தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடும் கட்டை) ரொம்பச் சின்னதாக, நெருக்கமாகத் தெரியும்; ஜல்லியைக் கொட்டி மூடிவிட்டேன்.

அந்தப் பாதையில் பரோக் ஸ்டேஷனைப் பிடித்ததற்குக் காரணம், சுரங்கத்தை விட்டு வந்ததுமே ஸ்டேஷன். ரயிலை ஒளித்துவைக்க இடம் கிடைத்துவிடுகிறது. நிஜச் சுரங்கம் 1,143 மீட்டர். அளவு மாறாமல் செய்தால் 13 மீட்டர் வரும், பக்கத்து வீட்டுச் சுவரை இடிக்க வேண்டியதுதான். என்னுடையது 45 செ.மீ. தெர்மாகோல். உள்ளே 40 விநாடி நிற்கவைத்து அனுப்பினால் யாரும் நீளத்தைக் கேட்பதில்லை.

இன்ஜின், கேட்டோ கம்பெனியின் நாலு சக்கர சேசிஸ் மேல் அட்டையில் செய்த ஜெட்டிஎம்-3 டீசல். நிஜ இன்ஜினுக்கு எட்டு சக்கரம். எண்ணாதீர்கள்.

ஓட்டுவது ஆர்டுவினோ நானோ என்ற சின்னக் கணினிப் பலகையும், அது சொல்கிறபடி மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் எல்298என் மோட்டார் டிரைவரும். அந்த டிரைவர் இரண்டு வோல்ட் போலத் தின்றுவிடும் என்று திட்டுவார்கள். 12 வோல்ட்டில் இந்தச் சின்ன இன்ஜின்கள் பறக்கும் என்பதால் எனக்கு அது வசதி. வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஆர்டுவினோவில் கொடுக்கும் பிடபிள்யூஎம் மதிப்பு (0 முதல் 255 வரை) 70 வரை என் இன்ஜின் அசையாது, முனகும். அதனால் 70-இல் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றுகிறேன். மெதுவாகக் கிளம்பும்போதுதான் மலை ரயில் களை வருகிறது.

கிளப்புவது சுலபம், நிறுத்துவதுதான் பாடு. ரயில் முனைக்கு வந்ததைக் கண்டுபிடிக்க முதலில் ஐஆர் (அகச்சிவப்பு) சென்சார் வைத்தேன். மாலை வெயில் ஜன்னல் வழியாக விழுந்ததும் அதற்குக் கண் கூசிவிட்டது. ரயில் நிற்காமல் பலகை விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்தது. பம்பர் போச்சு, ஒரு சக்கரம் கோணலாகிவிட்டது.

இப்போது இன்ஜினுக்கு அடியில் 3 மி.மீ. காந்தம், ஸ்லீப்பர்களுக்கு நடுவில், காந்தம் பக்கத்தில் வந்தால் தானே மூடிக்கொள்ளும் ரீட் சுவிட்ச். அதையும் முழுசாக நம்புவதில்லை. இரண்டு முனைகளிலும் கடைசி 10 செ.மீ.க்கு ஒரு பக்கத் தண்டவாளத்தை வெட்டி, வெட்டின இடத்தில் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4007 டயோடைப் பாலமாகச் சாலிடர் செய்திருக்கிறேன். முனையை நோக்கி ஓடும்போது டயோடு மின்சாரத்தைத் தடுக்கும், இன்ஜின் செத்து நிற்கும். திசை மாறினால் வழிவிடும், வெளியே வந்துவிடும். புரோகிராமில் என்ன தப்பு இருந்தாலும் ரயில் கீழே விழாது. டயோடு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று குழம்பினால், வைத்து ஓட்டிப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் திருப்பிப் போடுங்கள். அதுவரை முனையில் ஒரு தலையணை இருக்கட்டும்.

முதல் மாடலில் பாயின்ட் (தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடம்) வைக்காதீர்கள். நாலு சக்கர இன்ஜின் பாயின்ட் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் துண்டில் ஏறினால் மின்சாரம் அறுந்து அங்கேயே நின்றுவிடும். சாதாரணத் தண்டவாளத்திலேயே தூசி படிந்தால் திக்குகிறது. வாரம் ஒருமுறை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைக்கிறேன், சுரங்கத்துக்குள்ளும்தான். கை போக வேண்டுமே என்று மலையை ஒட்டவே இல்லை, சும்மா தூக்கி வைத்திருக்கிறேன்.