முதலீட்டாளர் இல்லாமல் ஒரு சின்ன கேம் ஸ்டுடியோ எவ்வளவு நாள் தாக்குப்பிடிக்க முடியும்?

கல்லூரி நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து, வெளியில் யாரிடமும் பணம் வாங்காமல் வீடியோ கேம் ஸ்டுடியோ ஆரம்பித்தால் நிலைக்குமா, அப்படி நிலைத்தது ஏதாவது உண்மையிலேயே இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. பிரிட்டனில் இன்ட்ரோவெர்ஷன் சாஃப்ட்வேர் என்று ஒரு ஸ்டுடியோ. 2001இல் தொடங்கினார்கள், நடுவில் இரண்டு முறை கடையைக் கட்டும் நிலைமைக்குப் போய்த் திரும்பி வந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஸ்டுடியோ இதுதான், அதனால் பதில் கொஞ்சம் நீளமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ் டிலே, மார்க் மாரிஸ், டாம் அருண்டெல் என்று மூன்று பேர், லண்டன் இம்பீரியல் காலேஜில் ஒன்றாகப் படித்தவர்கள். கிறிஸ் எழுதிய ஹேக்கிங் கேம் ஒன்றை விற்றுப் பார்க்கலாமே என்று கம்பெனி தொடங்கினார்கள். முதல் போட்டது 600 பவுண்டு. வலைத்தளத்தில் ஆர்டர் வாங்கி, சிடியைத் தாங்களே எழுதி, உறையில் போட்டுத் தபாலில் அனுப்பினார்கள். போட்ட பணம் விற்பனை ஆரம்பித்த சில மணி நேரத்திலேயே திரும்பி வந்துவிட்டது. படுக்கையறை புரோகிராமர்களில் கடைசி ஆட்கள் நாங்கள்தான் என்று தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். அதற்கு ஒரு பின்னணி உண்டு. எண்பதுகளில் பிரிட்டனில் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் மாதிரியான மலிவு கம்ப்யூட்டர்கள் வந்தபோது பள்ளிப் பையன்கள் தங்கள் அறையிலேயே தனியாளாக கேம் எழுதி கேசட்டில் விற்றார்கள். 2001 வாக்கில் அந்தக் காலம் முடிந்து, ஒரு கேமுக்குப் பெரிய குழு, அதற்குப் பணம் போட ஒரு வெளியீட்டு நிறுவனம், கடை அலமாரியில் இடம் பிடிக்கவும் அதே நிறுவனம் என்று ஆகியிருந்தது.

அந்த முதல் கேம்தான் அப்லிங்க். உங்கள் திரையே கேமில் வரும் ஹேக்கரின் திரை. உலக வரைபடத்தில் பத்துப் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள் வழியாகச் சுற்றிச் சுற்றி இணைப்புப் போட்டு ஒரு நிறுவனத்துக்குள் நுழைவீர்கள், அவர்கள் உங்களைத் தேடிக்கொண்டு வர வர பீப் சத்தம் வேகமாகிக்கொண்டே போகும், கை நடுங்கும். வேலையை முடித்து வெளியே வந்த பிறகு வழியில் இருந்த கம்ப்யூட்டரில் லாகை, அதாவது நீங்கள் வந்துபோனதற்கான பதிவை, அழிக்க மறந்தால் நிம்மதியாக இருக்கும்போது வந்து பிடிப்பார்கள், அத்தோடு அந்த ஆட்டம் முடிந்தது, திரும்பிப் போகச் சேமித்து வைத்த பழைய ஆட்டம் எதுவும் இருக்காது. இத்தனைக்கும் திரையில் இருப்பது நீல நிறச் சட்டங்களும் எழுத்தும் ஒரு வரைபடமும் மட்டும். ஓவியர் இல்லாத குழு, ஓவியரே தேவைப்படாத கேமைத் தேர்ந்தெடுத்தது! இவர்களுடைய ஆரம்பகால கேம்கள் எல்லாவற்றிலும் இந்தக் கணக்கு உண்டு. நீங்கள் மூன்று பேரும் புரோகிராமர்கள் என்றால் இதை நன்றாகக் கவனியுங்கள்.

அப்புறம் டார்வினியா. திரையில் ஆயிரக்கணக்கான சின்ன உருவங்களை ஓடவிட்டால் எப்படி இருக்கும் என்ற ஆசையிலிருந்து பிறந்தது. ஒரு விஞ்ஞானி கம்ப்யூட்டருக்குள் வளர்த்த சின்ன உயிர்களின் உலகத்தில் வைரஸ் புகுந்துவிடுகிறது, நீங்கள் போய்க் காப்பாற்ற வேண்டும். மலைகளைக்கூட யாரும் கையால் வரையவில்லை, கணிதச் சூத்திரத்தில் புரோகிராமே உருவாக்கியது. அழகான கேம், ஆனால் முடிக்கப் பல வருடம் ஆனது. அதற்குள் அப்லிங்க் பணம் கரைந்துவிட்டது. அமெரிக்காவில் அப்லிங்கை வெளியிட்ட நிறுவனமும் நொடித்துப்போனதால் அங்கிருந்து வரவேண்டியதை நம்ப முடியவில்லை. 2005 மார்ச்சில் டார்வினியா வந்தது, விமர்சகர்கள் கொண்டாடினார்கள், விற்பனை முதலில் நன்றாக இருந்து சீக்கிரமே படுத்துவிட்டது. இம்பீரியல் காலேஜ் பட்டதாரிகள் சில மாதம் அரசாங்க உதவித்தொகையில் வாழ்ந்தார்கள்.

அந்த நேரத்தில், இணையத்தில் கேம் விற்கும் வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் இப்போதிருக்கும் பெருங்கடையாக ஆகியிருக்கவில்லை. வெளியாருடைய கேம்களை அப்போதுதான் ஒன்றிரண்டாக ஏற்க ஆரம்பித்திருந்தார்கள். இவர்கள் எழுதிக் கேட்டார்கள், வால்வ் உற்சாகமாகச் சரி என்றது, 2005 டிசம்பரில் டார்வினியா ஸ்டீமில் ஏறியது. அந்த விற்பனைதான் கம்பெனியை அடுத்த கேம் வரைக்கும் இழுத்துப் போனது. அடுத்த வருடமே, இப்படிச் சுயேச்சையாக கேம் செய்பவர்களுக்கான இன்டிபென்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலில் பெரிய பரிசு உட்பட மூன்று பரிசுகளை டார்வினியா வாங்கியது. வெளியீட்டு நிறுவனங்கள் எங்கள் கேமைக் கெடுத்துவிடக் கூடாது என்றுதான் அவர்கள் பணத்தைத் தொடவில்லை என்று மேடையில், அச்சில் ஏற்ற முடியாத ஒரு வார்த்தையோடு மாரிஸ் சொன்னார். நான்கு மாதத்துக்கு முன்பு வரை திண்டாடிக்கொண்டிருந்தவர் அப்படிப் பேசினார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கும்.

2006 செப்டம்பரில் டெஃப்கான். நான் இவர்களைத் தெரிந்துகொண்டது இதில்தான், கல்லூரி விடுதியில். நாங்கள் நான்கு பேர், நான்கு பழைய கம்ப்யூட்டர், ஒரு நெட்வொர்க் கேபிள் குவியல். கேம் இதுதான்: அணு ஆயுதப் போர். கறுப்புத் திரையில் ஒளிரும் கோடுகளாக உலக வரைபடம், ஆளுக்கு ஒரு பிரதேசம், எல்லோருக்கும் ஒரே அளவு ஆயுதம். டெஃப்கான் என்பது அமெரிக்க ராணுவத்தின் போர் எச்சரிக்கை நிலை. 5 என்று அமைதியாக ஆரம்பித்து 1க்கு இறங்கும்போது ஏவுகணைகள் கிளம்பும். இதில் ஒரு அற்புதமான விதி இருக்கிறது. ஏவுகணைக் கிடங்கு ஒன்று தற்காப்பு நிலையில் இருக்கும்போது எதிரியின் ஏவுகணைகளைச் சுட்டு வீழ்த்தும், அதைத் தாக்கும் நிலைக்கு மாற்றினால் தற்காப்பு போய்விடும், ஏவிய அடுத்த கணமே அது எங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆக முதலில் அடிப்பவன் உடம்பைத் திறந்து காட்டிக்கொண்டு நிற்கிறான். ஆகவே யாரும் அடிக்க மாட்டார்கள், யார் முதலில் என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள், கூட்டணி போட்டவனே முறித்துக்கொள்வான். வெள்ளைக் கோடுகள் வளைந்து வளைந்து போய் விழும்போது ஒரு வெளிச்சம், ஊர் பெயர், இத்தனை மில்லியன் பேர் பலி என்று ஒரே ஒரு வரி. பின்னணி இசைக்குள் எங்கோ ஒரு பெண் விசும்புவது கேட்கும். கத்திக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்த எங்கள் அறை அந்த நேரத்தில் அடங்கிப்போகும், அதை நான் மறக்கவே மாட்டேன். போருக்கு எதிராக இதைவிட வலுவான கேமை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆபீஸ் மோடு என்று ஒன்றும் வைத்திருந்தார்கள், ஏறக்குறைய ஆறு மணி நேரம் நிஜ நேரத்தில் மெதுவாக ஓடும், வேலைக்கு நடுவே பின்னால் ஓடவிட்டு அவ்வப்போது எட்டிப் பார்க்கலாம்.

டெஃப்கான் நன்றாக ஓடியது. அதற்குப் பிறகு வந்த வருடங்கள்தான் கஷ்டமானவை. ஆட்கள் சேர்ந்தார்கள், மாதச் செலவு ஏறியது. 2008இல் வந்த மல்ட்டிவினியா, டார்வினியாவைப் பலர் சேர்ந்து ஆடும் கேம், எதிர்பார்த்த அளவு போகவில்லை. டார்வினியாவை எக்ஸ்பாக்ஸுக்குக் கொண்டுபோகும் வேலை வருடக்கணக்கில் இழுத்து 2010 பிப்ரவரியில் டார்வினியா பிளஸ் என்று வெளிவந்து சரியாக விற்கவில்லை. ஆட்களைக் குறைத்தார்கள். கிறிஸ் அதற்குள் சப்வெர்ஷன் என்று ஒரு கேமில் வருடங்களைப் போட்டிருந்தார், ஒரு முழு நகரத்தைத் தெருத் தெருவாக, கட்டடம் கட்டடமாகப் புரோகிராமே உருவாக்கும், அதில் நீங்கள் ஆளை அனுப்பிக் கொள்ளையடிக்க வேண்டும். தொழில்நுட்பம் அபாரம், ஆனால் உள்ளே ஆட்டம் என்று ஒன்று கூடிவரவில்லை. அதை ஓரம் வைத்தார்கள். இத்தனை வருட உழைப்பை நிறுத்துவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது புரோகிராம் எழுதுகிறவர்களுக்குத் தெரியும்.

இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இருக்கிறது. 2011 நவம்பரில், வாங்குகிறவர் தனக்குப் பிடித்த விலையைக் கொடுத்துப் பல கேம்களை ஒன்றாக வாங்கிக்கொள்ளும் ஹம்பிள் பண்டில் முறையில் அப்லிங்க், டார்வினியா, டெஃப்கான், மல்ட்டிவினியா நான்கையும் சேர்த்து விற்றார்கள். சப்வெர்ஷனின் நகர உருவாக்கியைக்கூட ஒரு டெமோவாகக் கூடவே போட்டார்கள். பத்து வருடப் பழைய கேம் உட்பட எல்லாம் அவர்களுடைய சொந்தச் சொத்தாக இருந்ததால்தான் அப்படி விற்க முடிந்தது. இவர்களைத் தூக்கி நிறுத்தியது பல முறை புதிய கேம் இல்லை, கையில் இருந்த பழைய கேம். டார்வினியா ஸ்டீமுக்குப் போனதும் அப்படித்தான், வேறொருவரிடம் உரிமை இருந்திருந்தால் போயிருக்க முடியாது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், நானும் இரண்டு நண்பர்களும் ஒரு புதிர் கேம் செய்து மொபைலுக்கு வெளியிடும் ஒரு கம்பெனியிடம் கொடுத்தோம். ஒப்பந்தத்தைச் சரியாகப் படிக்கவில்லை, உரிமை முழுக்க அவர்களுக்குப் போய்விட்டது. ஒரு வருடத்தில் ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டார்கள். எங்கள் கேமை நாங்களே மறுபடி வெளியிட முடியவில்லை, இன்றுவரை அது ஒரு ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கிறது.

சரி, கதைக்கு வருகிறேன். கிறிஸ் விடுமுறையில் சான் ஃபிரான்சிஸ்கோவில் அல்கட்ராஸ் சிறைத் தீவைப் பார்க்கப் போனார். சப்வெர்ஷனில் சிறையை உடைத்து ஒருவரை வெளியே கொண்டுவரும் கட்டம் ஏற்கெனவே யோசனையில் இருந்தது. சிறையை உடைப்பதற்குப் பதிலாகக் கட்டினால் என்ன? அதுதான் பிரிசன் ஆர்கிடெக்ட். 2012 செப்டம்பரில் ஆல்ஃபா எனப்படும் முடிக்காத அரைகுறைப் பதிப்பையே 30 டாலருக்குத் தங்கள் தளத்தில் விற்க ஆரம்பித்தார்கள். இன்னும் அதிகம் கொடுத்தால் உங்கள் பெயரிலேயே ஒரு கைதி கேமுக்குள் வருவார். அதன் பிறகு மாதாமாதம் ஒரு புதிய ஆல்ஃபா, கூடவே மார்க்கும் கிறிஸும் உட்கார்ந்து என்ன செய்தோம், எது உடைந்தது என்று பேசும் வீடியோ. மூன்று வருடம் இதை விடாமல் செய்தார்கள். படம் வரைந்தவர் பிலிப்பைன்ஸைச் சேர்ந்த ரயன் சுமோ, கையும் காலும் இல்லாத அந்தக் குட்டி மனிதர்கள் அவர் கைவண்ணம். 2015 அக்டோபரில் முழுப் பதிப்பு வருவதற்குள்ளேயே 12.5 லட்சம் பிரதிகள் விற்றாகிவிட்டது, அடுத்த வருடம் பிரிட்டனின் பெரிய விருதான பாஃப்டாவும் வந்தது.

கேம் ஆரம்பிக்கும்போதே, மரண தண்டனை பெற்ற எட்வர்ட் என்பவருக்காக மின்சார நாற்காலி அறை ஒன்றைக் கட்டச் சொல்வார்கள். சுவர், கதவு, மின் இணைப்பு என்று கேமின் வேலைகளை அதில்தான் கற்றுக்கொள்வீர்கள். கற்றுக்கொண்டிருக்கும்போதே எட்வர்டின் கதையும் தெரியவரும், நாற்காலிக்குக் கரண்ட் சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டியதும் நீங்கள்தான். அப்லிங்கிலிருந்து வரும் அதே கை இதிலும் தெரிகிறது.

ஒரு சின்ன சம்பவம், சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேமில் வரும் ஆம்புலன்ஸ் மேல் சில பிக்சல் அளவில் ஒரு சிவப்புச் சிலுவை இருந்தது. அந்தச் சின்னம் ஜெனீவா ஒப்பந்தத்தின் பாதுகாப்பில் உள்ளது, கேமில் பயன்படுத்தக் கூடாது என்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமிருந்து தகவல் வந்தது. பச்சையாக மாற்றிவிட்டார்கள்.

2017இல் ஸ்கேனர் சாம்பர் என்று ஒன்று செய்தார்கள், கும்மிருட்டான குகையில் லேசர் புள்ளிகளால் மட்டும் வழி தேடிப் போவது. விற்கவில்லை, அதையும் அவர்களே வீடியோவில் ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னார்கள். 2019 ஜனவரியில் பிரிசன் ஆர்கிடெக்டை ஸ்வீடனின் பாரடாக்ஸ் இன்டராக்டிவ் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். உரிமையைக் கையில் வைத்துப் பிழைத்தவர்கள் அதை விற்றது முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால், பல வருடம் ஒரே சிறைக்குள் இருந்துவிட்டார்கள், அடுத்ததைத் தொடங்க வேண்டும், ஆனால் கம்பெனியை விற்கவில்லை. விற்க வேண்டிய கட்டாயத்தில் விற்பதும் விற்கும் உரிமை இருந்து விற்பதும் வேறு வேறு. 2023 பிப்ரவரியில் தி லாஸ்ட் ஸ்டார்ஷிப் என்ற விண்கலக் கேமை, முடிக்காத நிலையிலேயே விற்று வளர்க்கும் அதே பழைய முறையில் ஆரம்பித்தார்கள்.

உங்கள் மூன்று பேருக்கும் என் யோசனை, யூடியூபில் பிரிசன் ஆர்கிடெக்டின் பழைய ஆல்ஃபா வீடியோக்கள் முப்பதுக்கு மேல் இருக்கின்றன, வரிசையாகப் பாருங்கள். அப்லிங்கும் ஸ்டீமில் இன்னும் கிடைக்கிறது, ஒரு சனி ஞாயிறு அதற்கு ஒதுக்குங்கள். வேலை முடிந்ததும் லாகை அழிக்க மட்டும் மறக்காதீர்கள்.