ஆறு நாள் கேடயம்

கேள்வி: சர்வதேசப் போட்டிகளை விட்டுவிட்டு, மாகாண அளவில் நடக்கும் ஒரு தொடரை முழுசாகப் பின்தொடர்ந்த அனுபவம் யாருக்காவது உண்டா? அதில் அப்படி என்ன இருக்கிறது?

எனக்கு உண்டு. நியூசிலாந்தின் மாகாண ரக்பித் தொடர், 2013ஆம் ஆண்டுப் பருவம். அப்போது நான் ஹாக்ஸ் பே மாகாணத்தில், ஹேஸ்டிங்ஸ் ஊருக்கு வெளியே ஓர் ஆப்பிள் தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தோட்டக்கலைப் படிப்பை முடித்த கையோடு கிடைத்த வேலை. ரக்பி பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தேசிய அணியான ஆல் பிளாக்ஸின் கறுப்புச் சட்டையும், ஆட்டத்துக்கு முன் அவர்கள் ஆடும் ஹாக்கா என்ற போர் நடனமும்தான். மாகாணங்களுக்குள் ஒரு போட்டி நடக்கிறது என்பதே தெரியாது.

அந்தத் தொடர் 1976 முதல் நடக்கிறது. விளம்பரதாரர் மாற மாறப் பெயரும் மாறும். 2013ல் அதற்கு ஐடிஎம் கப் என்று பெயர். அப்போது மொத்தம் 14 மாகாணங்கள், மேல் பிரிவில் ஏழு, கீழ்ப் பிரிவில் ஏழு. ஆளுக்குப் பத்து ஆட்டம். தன் பிரிவில் இருந்த மற்ற ஆறு அணிகளோடும் ஆட வேண்டும், அடுத்த பிரிவிலிருந்து நான்கு அணிகளோடும் ஆட வேண்டும் என்பது அன்றைய முறை. ஆகஸ்ட் நடுவில் தொடங்கி அக்டோபர் கடைசியில் முடிந்துவிடும். தேசிய அணி வீரர்கள் பெரும்பாலும் அப்போது வெளியே சர்வதேச ஆட்டங்களில் இருப்பார்கள். அதனால் களத்தில் நிற்பவர்கள் நாளை பெரிய பெயர் எடுக்கப்போகும் பையன்களும், வார நாட்களில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருகிற உள்ளூர்க்காரர்களும்தான்.

இந்தக் கோப்பைக்கு நடுவே இன்னொன்று ஓடுகிறது. என்னைக் கட்டிப்போட்டது அதுதான். ரான்ஃபர்லி கேடயம்.

1902ல் அப்போதைய ஆளுநர் ரான்ஃபர்லி பிரபு கொடுத்த மரக் கேடயம். வந்து சேர்ந்தபோது அதன் நடுவில் பொறித்திருந்தது கால்பந்துக் காட்சி. பிறகு அதை மாற்றி ரக்பி கம்பங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். ஊர்க்காரர்கள் அதைச் செல்லமாக 'மரக்கட்டை' என்பார்கள். விதி ரொம்ப எளிது. கேடயம் யாரிடம் இருக்கிறதோ அவர்கள் சொந்த மண்ணில் ஆடும் ஒவ்வொரு லீக் ஆட்டமும் கேடயத்துக்கான சவால். வந்தவர் ஜெயித்தால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போய்விடுவார். சமனில் முடிந்தால் வைத்திருப்பவருக்கே. புள்ளிப் பட்டியல், இறுதிப்போட்டி எதுவும் இதற்குக் கிடையாது. பட்டியலில் கடைசியில் கிடக்கும் அணிகூட ஒரு சனிக்கிழமை நன்றாக ஆடினால் போதும்.

சில அணிகள் இதை ஆண்டுக்கணக்கில் விடாமல் வைத்திருந்தன. ஆக்லாந்து 1985ல் கேன்டர்பரியிடமிருந்து பறித்ததை 61 முறை காப்பாற்றி, 1993ல்தான் வைகாட்டோவிடம் இழந்தது. ஹாக்ஸ் பேக்கும் அப்படி இரண்டு பொற்காலங்கள் இருந்தன. ஒன்று 1922 முதல் 1927 வரை, ஜார்ஜ் நேப்பியாவும் பிரவுன்லி சகோதரர்களும் ஆடிய காலம். மற்றொன்று கெல் டிரமெய்ன் தலைமையில் 1966 முதல் 1969 வரை, 21 வெற்றிகரமான தற்காப்புகள். 1969ல் கேன்டர்பரி வந்து எடுத்துக்கொண்டு போனது. அதற்கப்புறம் 44 வருடம் கேடயம் ஹாக்ஸ் பே பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

எங்கள் தோட்டத்துப் பெரியவர் அந்த 1969 ஆட்டத்தைப் பதினோரு வயதுப் பையனாக நேப்பியர் மைதானத்தில் அப்பாவோடு உட்கார்ந்து பார்த்தவர். ஆகஸ்டில் கவாத்து கடைசிக் கட்டத்தில் இருக்கும். அவர் ஒரு வரிசை, நான் பக்கத்து வரிசை. கத்தரி ஓடிக்கொண்டிருக்க, மனுஷன் கேடயக் கதை சொல்லிக்கொண்டே வருவார். 1967ல் வெலிங்டனிடம் பறிபோக இருந்த கேடயத்தை, கடைசி நேரத்தில் பிளேர் ஃபர்லாங் அடித்த ஒரு டிராப் கோல் காப்பாற்றியதாம். 12-12, சமன். ஓடுகிற ஓட்டத்திலேயே பந்தைத் தரையில் தட்டவிட்டு, எழும்பும் கணத்தில் கம்பங்களுக்கு நடுவே உதைப்பதுதான் டிராப் கோல். கையில் கத்தரியை வைத்துக்கொண்டு, ஈரப் புல்லில் பூட்ஸ் காலை வீசி அதை அவர் எனக்கு நடித்துக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தக் காலை இறக்கிவிட்டு மறுபடி கிளையைப் பிடித்தபோது அவர் முகம் சிறுபிள்ளை முகம் மாதிரி இருந்தது.

2013 பருவம் தொடங்கியபோது கேடயம் வைகாட்டோவிடம் இருந்தது. ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை. வைகாட்டோவின் ஊரான ஹாமில்டனுக்குப் போன ஒடாகோ 26-19 என்று ஜெயித்தது. இதன் கனம் புரிய ஒடாகோவின் கதை தெரிய வேண்டும். கடைசியாக அவர்கள் கையில் கேடயம் இருந்தது 1957ல். அதற்குப் பிறகு எத்தனையோ முறை போய் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள். 1994ல் கேன்டர்பரிக்கு எதிராகக் கடைசி நிமிடம் வரை முன்னணியில் இருந்துவிட்டு, ஒரு பெனால்டியைக் கொடுத்துக் கோட்டை விட்டார்கள். 2012ல் அந்த மாகாணச் சங்கமே கடனில் மூழ்கிக் கலைக்கப்படும் நிலைக்கு வந்துவிட்டது. அவர்கள் ஊரான டனீடனின் நகர மன்றம் தனக்கு வரவேண்டிய கடனைத் தள்ளுபடி செய்து, தேசியச் சங்கமும் கைகொடுத்துத்தான் பிழைத்தது. அடுத்த வருடமே 56 ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது. சனிக்கிழமை காலை செய்தியில் அதைப் பார்த்தபோது, ஒடாகோ எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடிய நானே கண் கலங்கிவிட்டேன்.

அவர்கள் அதை ஒன்பது நாள் வைத்திருந்தார்கள்.

செப்டம்பர் 1, ஞாயிறு. நியூசிலாந்தில் செப்டம்பர் முதல் ஞாயிறுதான் தந்தையர் தினம். பெரியவர் வீட்டில் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் கூடியிருந்தார்கள். "நீயும் வா, இங்கே உனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?" என்று என்னையும் கூப்பிட்டிருந்தார். அன்றைக்கு ஹாக்ஸ் பே டனீடனில் ஆடுகிறது. கூரை போட்ட மைதானம் அது. மழைக்கும் காற்றுக்கும் அங்கே வேலையில்லை.

ஆட்டத்தை விவரிக்க எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் ஸ்க்ரம் என்றால் என்ன, லைன்அவுட் என்றால் என்ன என்று கற்றுக்கொண்டிருந்தேன். நான் டிவியைப் பார்த்ததைவிட அவரைப் பார்த்ததுதான் அதிகம். கடைசிப் பத்து நிமிடம் அவர் உட்காரவே இல்லை. சமையலறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முடிவு 20-19. ஒரே ஒரு புள்ளி. வீடே அலறியது. அவர் மட்டும் சத்தம் போடவில்லை. பின்கதவைத் திறந்துகொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவர் மகள் தேநீரை என் கையில் கொடுத்து அனுப்பினார். போனால், மொட்டை மரங்களுக்கு நடுவே நின்றுகொண்டு, "அப்பா இருந்திருக்கணும்" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

அடுத்த ஆறு நாள் அந்த மாகாணம் எப்படி இருந்தது என்பதை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை. ஹாக்ஸ் பே அணிக்குக் கறுப்பு வெள்ளைப் பட்டைச் சட்டை, மேக்பை என்ற கறுப்பு வெள்ளைப் பறவையின் பெயரே பட்டப்பெயர். கடை ஜன்னல்களில் கறுப்பு வெள்ளை ரிப்பன், வேலிகளில் கறுப்பு வெள்ளை பலூன். எங்களோடு வேலை பார்த்த ஒரு மாவோரி அக்கா தன் பழைய பட்டைச் சட்டையை வேலைக்கே போட்டுக்கொண்டு வந்தார். முழங்கையில் ஓட்டை, அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. பெட்ரோல் பங்கில், வங்கியில், ரொட்டிக் கடையில், முன்பின் தெரியாதவர்கள் என்னிடம் "சனிக்கிழமை வர்றியா?" என்று கேட்டார்கள். ஒன்றரை வருடமாக அந்த ஊரில் இருந்தேன். அந்த வாரம்தான் முதல்முறையாக ஊர்க்காரன் ஆனேன்.

ஏன் சனிக்கிழமை? எப்போதோ போட்டுவைத்த அட்டவணைப்படி செப்டம்பர் 7 அன்று நேப்பியர் மெக்லீன் பார்க்கில் எங்களுக்கு ஆட்டம், கவுன்டீஸ் மனுகாவ் அணியோடு. அட்டவணை போட்டபோது அது வெறும் லீக் ஆட்டம். இப்போது அதுவே கேடய ஆட்டம் ஆகிவிட்டது. கவுன்டீஸ் லேசுப்பட்ட அணியும் இல்லை. முந்தைய ஆண்டு கீழ்ப் பிரிவை வென்று மேலே ஏறியவர்கள். பயிற்சியாளர் டானா உமாகா, ஆல் பிளாக்ஸின் முன்னாள் தலைவர். ஜோனா லோமு ஆடிய மாகாணம். ஆனால் அவர்கள் வரலாற்றில் ஒரு முறைகூடக் கேடயத்தைத் தொட்டதில்லை. எங்களுக்கு 44 வருடப் பசி என்றால் அவர்களுக்குப் பிறந்ததிலிருந்தே பசி.

பெரியவர், அவர் பேரன், நான், மூன்று பேரும் போனோம். கடற்காற்று கழுத்துக்குள் இறங்கியது. அவர் அப்பாவின் பழைய கம்பளிக் கழுத்துத் துணியைப் பேரனுக்குச் சுற்றிவிட்டிருந்தார். மைதானத்தில் இரைச்சலாக இருந்தது, ஆனால் அந்த இரைச்சலுக்கு அடியில் ஒரு பயமும் இருந்தது. என் பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி, கவுன்டீஸ் பந்தோடு எங்கள் எல்லைக்கோட்டை நெருங்கும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டார். என்னை அவருக்குத் தெரியாது. பிடித்தார், ஆபத்து விலகியதும் விட்டார், மறுபடி பிடித்தார்.

27-24. கவுன்டீஸ் ஜெயித்துவிட்டது.

நான் பார்க்க விரும்பாத காட்சி அதற்குப் பிறகுதான் வந்தது. கேடயம் கைமாறுவது. ஆறு நாளாக எங்களுடையதாக இருந்த அந்த மரக்கட்டை எதிரணியின் கைக்குப் போனது. முதல்முறை அதைத் தூக்கிப் பிடித்த அந்தப் பையன்கள் சிலர் குலுங்கிக் குலுங்கி அழுதார்கள். எங்கள் பக்கத்திலும் அழுகை. பேரன் "தாத்தா, போலாம்" என்று இழுத்தான். அவர் அசையவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு அவர்களுக்காகக் கை தட்டினார். மெதுவாக எங்களைச் சுற்றி இருந்தவர்களும் எழுந்து தட்டினார்கள். காரில் திரும்பும்போது சொன்னார்: "ஜெயிச்சவன் எப்படி இருப்பான்னு போன ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கே தெரிஞ்சுது. அவங்களுக்கு எப்படிக் கை தட்டாம இருக்கிறது?"

பதினைந்தே நாளில் நான்கு மாகாணங்களின் கையில் இருந்துவிட்டது அந்தக் கேடயம். வைகாட்டோ, ஒடாகோ, ஹாக்ஸ் பே, கவுன்டீஸ் மனுகாவ். இதைத்தான் உங்கள் கேள்விக்குப் பதிலாகச் சொல்ல வந்தேன். உலகக் கோப்பையில் நாம் வெளியே நின்று பார்க்கிறோம். இங்கே அந்தப் பொருள் உண்மையிலேயே நம் ஊருக்கு வருகிறது, நம் ஊரை விட்டுப் போகிறது. வருவதும் போவதும் உடம்பில் தெரிகிறது.

மீதிப் பருவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹாக்ஸ் பே கீழ்ப் பிரிவின் இறுதிக்குப் போய் டாஸ்மனிடம் ஒரு புள்ளியில் தோற்றது. ஒரு புள்ளி தந்ததை ஒரு புள்ளியே எடுத்துக்கொண்டது. மேல் பிரிவில் வெலிங்டனை அதன் சொந்த ஊரிலேயே 29-13 என்று தோற்கடித்து, கேன்டர்பரி தொடர்ந்து ஆறாவது முறையாகப் பட்டம் வென்றது. பின்னாளில் ஆல் பிளாக்ஸின் தலைமைப் பயிற்சியாளரான ஸ்காட் ராபர்ட்சன்தான் அப்போது அவர்களுக்குப் பயிற்சியாளர். பிரமாதமான அணி, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வருடத்தைப் பற்றி எங்கள் தோட்டத்தில் யாரும் பேசும்போது கேன்டர்பரி பெயர் வந்து நான் கேட்டதில்லை.

2014ல் ஹாக்ஸ் பே திரும்பவும் கவுன்டீஸோடு மோதி, இந்த முறை ஜெயித்துக் கேடயத்தைத் திருப்பிக் கொண்டுவந்தது. பருவம் முடியும்வரை காப்பாற்றியும் விட்டது. அப்படிக் காப்பாற்றினால் கோடை முழுக்க யாரும் சவால் விட முடியாது, கேடயம் ஊரிலேயே இருக்கும். பள்ளிக்கூடங்கள், மன்றங்கள் என்று சுற்றி வரும்.

2015 மார்ச் கடைசியில், பறிப்பு மும்முரமாக இருந்த ஒரு நாள், பேரனின் பள்ளிக்கு அது வருகிறது என்று தகவல் வந்தது. பெரியவர் டிராக்டரை நிறுத்திவிட்டு என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். ஒரு மேசை மேல் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தார்கள். நடுவில் வெள்ளிப் பதக்கம், சுற்றிலும் சின்னச் சின்ன வெள்ளித் தகடுகள், மாகாணங்களின் பெயர்கள். எங்கள் முறை வந்தபோது பெரியவர் கையைச் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டார். ஆப்பிள் பிசினும் தூசியும் ஒட்டிய கை அது. மரத்தின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்து, ஒரு மூச்சு விடும் நேரம் அப்படியே நின்றார். நானும் வைத்தேன். வழவழவென்று, நாம் எதிர்பார்ப்பதைவிடக் குளிர்ச்சியாக இருந்தது.

பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பினோம். பிரேபர்ன் ரக ஆப்பிள் மரங்கள் இரண்டு வரிசை பாக்கி இருந்தன.