பறவைத் திருவிழாக்களால் பறவைகளுக்கு நன்மை உண்டா? வலசைப் பறவைகளைப் பார்க்கவும் காக்கவும் புதியவர்கள் எங்கே தொடங்கலாம்?

நன்மை உண்டு, ஆனால் எல்லாத் திருவிழாவிலும் இல்லை.

உலக வலசைப் பறவைகள் தினம் 2006 முதல் நடக்கிறது. இப்போது மே, அக்டோபர் இரண்டு மாதங்களிலும் இரண்டாம் சனிக்கிழமை. போகும் வலசைக்கு ஒன்று, திரும்பும் வலசைக்கு ஒன்று. அந்த நாட்களை ஒட்டிப் பல நாடுகளில் விழாக்கள் இருக்கும். புதியவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம்.

நான் போவது பக்கத்தில் நிற்கும் அனுபவசாலிகளுக்காக. சேற்றுவெளியில் மேயும் கரைப்பறவைகள் முதலில் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். அலகு கீழே வளைகிறதா, லேசாக மேலே வளைகிறதா, ஓடி நின்று கொத்துகிறதா என்று ஒருவர் கூட நின்று காட்டினால்தான் கண் பழகும். அப்புறம் அந்தப் பறவையின் கதையும் வரும். 2022-இல் பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவையின் இளம் பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவுக்கு, எங்கும் இறங்காமல், சுமார் 11 நாளில் 13,560 கிலோமீட்டர் பறந்தது. உடம்பில் சேர்த்த கொழுப்புதான் அதற்கு எரிபொருள். இது தெரிந்த பிறகு, புகைப்படத்துக்காக ஒரு பறவைக் கூட்டத்தைக் கிளப்பிவிட மனம் வராது.

அதனால் விழாவை நான் எடைபோடுவது இதை வைத்துத்தான்: ஒலிப்பதிவு போட்டுப் பறவையை வரவழைக்கிறார்களா, கூட்டுக்கு அருகே ஆட்களை விடுகிறார்களா? அப்படியென்றால் கிளம்பிவிடுங்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு அதில் இடமும் வருமானமும் இருக்கிறதா என்றும் பாருங்கள். நாகாலாந்தின் தொயாங் நீர்த்தேக்கத்தருகே 2012-இல் அமுர் வல்லூறுகள் பெருமளவில் வலைவீசிக் கொல்லப்பட்டன. அடுத்த ஆண்டே அந்த வேட்டை நின்றது. அதற்குச் சுற்றியுள்ள கிராமங்களே முடிவெடுத்ததுதான் முக்கியக் காரணம். அங்கிருந்து தென்னாப்பிரிக்கா வரை போகும் வல்லூறுகளைச் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தார்கள். அதில் ஒன்றுக்கு பாங்டி என்று ஒரு கிராமத்தின் பெயரையே வைத்தார்கள். ஊரார் சேராத பாதுகாப்பு நிலைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வீடு திரும்பிய பின் மெர்லின் செயலியை வைத்துக்கொள்ளுங்கள். இலவசம்தான், படத்தையும் குரலையும் வைத்து இனத்தைச் சொல்லும். ஆனால் குரலை மட்டும் நம்பிப் பதியாமல், பறவையைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். பார்த்ததை, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இபேர்டு இணையதளத்தில் பதியுங்கள். அபூர்வப் பறவையை மட்டும் எழுதாமல், காகம் உட்பட அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எண்ணிக்கையோடு எழுதுங்கள். எது குறைகிறது என்பது இத்தகைய முழுப் பட்டியல்களிலிருந்துதான் தெரியவரும். கூடு இருக்கும் இடத்தை மட்டும் பொதுவில் போடாதீர்கள்.

இதைவிட முக்கியமாக நான் நினைப்பது வெளி விளக்குகளையும் சன்னல் கண்ணாடிகளையும் கவனிப்பது. சின்னப் பறவைகளில் பெரும்பாலானவை இரவில்தான் வலசை போகின்றன. செயற்கை வெளிச்சம் அவற்றை ஊருக்குள் இழுத்துத் திசை குழப்புகிறது. விடிந்ததும், கண்ணாடியில் தெரியும் மரத்தை நிஜ மரம் என்று நம்பி மோதுகின்றன. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குப் பல கோடிப் பறவைகள் இப்படிச் சாகின்றன என்பது மதிப்பீடு. வலசைக் காலத்தில் தேவையில்லாத வெளி விளக்குகளை அணைத்துவிடுங்கள். சன்னலில் ஒரே ஒரு பருந்துப் படம் ஒட்டினால் போதாது. கண்ணாடியின் வெளிப்புறம் முழுக்க, 5 செ.மீ. இடைவெளியில் புள்ளிகள் ஒட்டுங்கள்.